சத்தம் வேறு, குரல் வேறு: சுபாரு பாக்ஸர் எஞ்சினில் ஹெடர் செய்யும் மாயம்

2012-இல் வெளிவந்த டொயோட்டா 86 காரையும் அதன் இரட்டைப் பிறவியான சுபாரு பிஆர்இசட் காரையும் எடுத்துக்கொள்வோம். இரண்டும் ஜப்பானின் குன்மா மாகாணத்தில், ஓட்டா நகரிலுள்ள சுபாரு ஆலையில் உருவானவை. இரண்டிலும் இருப்பது எஃப்ஏ20 என்ற ஒரே எஞ்சின்: 1998 சிசி, படுத்த நிலையில் பக்கத்துக்கு இரண்டாக நான்கு சிலிண்டர், டர்போ (புகையின் வேகத்தில் சுழன்று எஞ்சினுக்குள் கூடுதல் காற்றைத் திணிக்கும் கருவி) கிடையாது. இந்த வண்டியில் கம்பெனி ஹெடரை, அதாவது சிலிண்டர்களின் புகையை வெளியே எடுத்துவந்து ஒன்றுசேர்க்கும் முதல் குழாய்த் தொகுதியைக் கழற்றிவிட்டு, குழாய்களின் நீளம் சமமில்லாத வெளிச்சந்தை ஹெடர் ஒன்றை மாட்டிப் பாருங்கள். சைலன்சரில் கை வைக்கவே வேண்டாம். வண்டி வேறு குரலில் பேசத் தொடங்கிவிடும். முன்பு ஒரே சீராக முனகிக்கொண்டிருந்த எஞ்சின், இப்போது "டொகு டொகு டொகு" என்று நெஞ்சுக்கூட்டில் தட்டும். கண்ணைக் கட்டிவிட்டுக் கேட்கச் சொன்னால், பானட்டுக்குள் இருப்பது வேறு எஞ்சின் என்று சத்தியம் செய்வீர்கள்.

நம் ஊரில் வண்டிச் சத்தம் என்றாலே எல்லார் கையும் சைலன்சருக்குத்தான் போகும். உள்ளேயிருக்கும் தடுப்புகளை வெட்டுவது, பெரிய முனை வைப்பது, பஞ்சைப் பிடுங்குவது. அதில் கிடைப்பது சத்தம் மட்டும்தான். குரல் உருவாகும் இடம் அதற்கு வெகு முன்னாலேயே, எஞ்சினை ஒட்டி இருக்கிறது. பைக் மெக்கானிக்குகள் 'பெண்ட் பைப்' என்று சொல்லும் அந்தப் பகுதிதான் காரில் ஹெடர். ஒலியைக் கூட்டிக் குறைப்பது சைலன்சர். எந்தத் தாளத்தில் ஒலிக்க வேண்டும் என்று தீர்மானிப்பது ஹெடர். இதைத் தெரிந்துகொள்ளச் சுபாருவைவிடத் தெளிவான உதாரணம் எனக்குக் கிடைக்கவில்லை. ஒரே கம்பெனி, ஒரே வடிவ எஞ்சின், முப்பது வருடக் கதை. அந்தக் குரல் இருந்தது, போனது, மறுபடி விலைக்கு வாங்கப்பட்டது.

என் காதில் இது முதன்முதலாக விழுந்தது சென்னையில்தான். 2000-களின் நடுப்பகுதியில் சுபாரு ஃபாரஸ்டர் இந்தியாவில் செவர்லே ஃபாரஸ்டர் என்ற பெயரில் விற்றது. சிக்னலில் பக்கத்தில் வந்து நின்ற அந்த வண்டி மற்ற கார்களைப் போல ஒலிக்கவில்லை. டர்போ இல்லாத சாது வண்டிதான், இருந்தும் அந்த ஐடிலிங்கில் ஒரு தள்ளாட்டம் இருந்தது. ஏன் என்ற கேள்வி அன்றிலிருந்து என்னை விடவில்லை.

ஈஜே: இடப் பற்றாக்குறையில் பிறந்த உறுமல்

சுபாரு 1989-இல் லெகசி காரோடு ஈஜே வரிசை எஞ்சினைக் கொண்டுவந்தது. 1992-இல் இம்பிரெசா டபிள்யூஆர்எக்ஸ் வந்தபோது அதன் 2 லிட்டர் டர்போ வடிவம் அதில் ஏறியது. அதன் பிறகு நடந்தது ராலி வரலாறு. 1995-இல் காலின் மெக்ரே, 2001-இல் ரிச்சர்ட் பர்ன்ஸ், 2003-இல் பெட்டர் சோல்பெர்க் என்று மூன்று ஓட்டுநர் உலகப் பட்டங்கள்; 1995, 1996, 1997 என்று தொடர்ந்து மூன்று ஆண்டு தயாரிப்பாளர் பட்டம். நீல நிற உடம்பு, தங்க நிற வீல், அந்த உறுமல். இந்த மூன்றும் சேர்ந்துதான் உலகம் முழுக்கச் சுபாருவின் முகவரி ஆனது.

அந்த உறுமலை யாரும் உட்கார்ந்து வடிவமைக்கவில்லை. பாக்ஸர் எஞ்சினில் சிலிண்டர்கள் இரண்டு பக்கமும் கை விரித்தாற்போலப் படுத்திருக்கும். புகை வெளியேறும் துளைகள் கீழ்நோக்கி, எஞ்சினின் இரு ஓரங்களிலும் இருக்கும். டர்போவோ ஒன்றுதான், அது எஞ்சினுக்குப் பின்னால் வலப்பக்கம் உட்கார்ந்திருக்கிறது. வலப்பக்கச் சிலிண்டர்களின் புகைக்கு டர்போ பக்கத்து வீடு. இடப்பக்கப் புகையோ ஒரு குறுக்குக் குழாயில் எஞ்சினின் அடிவயிற்றைக் கடந்து மறுபக்கம் வந்து, அங்கே வலப்பக்கப் புகையோடு சேர்ந்து, பிறகு மேலேறித்தான் டர்போவை அடைய வேண்டும். குறைந்த செலவில், குறைந்த இடத்தில் குழாய் போட்டால் இப்படித்தான் வரும். ஒரு பக்கம் குட்டை, ஒரு பக்கம் நெட்டை. இதைத்தான் ஆர்வலர்கள் சமமில்லா நீள ஹெடர் என்கிறார்கள்.

இனி எரிதல் வரிசை. ஈஜேவிலும் சரி, 86-இன் எஃப்ஏ20-இலும் சரி, அது 1-3-2-4. 1, 3 ஆகிய சிலிண்டர்கள் வலப்பக்கம். 2, 4 இடப்பக்கம். எஞ்சினின் சுழலும் தண்டான கிராங்க் ஷாஃப்ட் 180 டிகிரி சுற்றும்போதெல்லாம் ஒரு சிலிண்டர் வெடிக்கிறது. எஞ்சினுக்குள் தாளம் கடுகளவும் பிசகவில்லை. எந்த நேர்வரிசை நான்கு சிலிண்டர் எஞ்சினையும் போலச் சீரானதுதான். ஆனால் எந்தப் பக்கம் வெடிக்கிறது என்று பாருங்கள்: வலம், வலம், இடம், இடம்.

மிருதங்கம் வாசிப்பவர்களுக்கு இதை உடனே சொல்லிப் புரியவைத்துவிடலாம். சம இடைவெளியில் நான்கு தட்டு. முதல் இரண்டு வலந்தலையில், அடுத்த இரண்டு தொப்பியில். காலப்பிரமாணம் மாறவில்லை, ஆனாலும் கேட்பவர் காதில் நான்கு தனித்தட்டாக விழாது. இரண்டு இரண்டாக, ஜோடி ஜோடியாக விழும். இரண்டு தலையும் ஒரே சுருதியில் ஒரே நாதத்தோடு இருந்தால்தான் அந்த ஜோடி மறையும். நீளம் சமமான ஹெடர் செய்வது அதைத்தான்.

கணக்குப் போட்டால் என்ன வருகிறது

இணையத்தில் இதற்குத் திரும்பத் திரும்பச் சொல்லப்படும் விளக்கம் ஒன்று உண்டு: நீளமான குழாயில் வரும் அழுத்த அலை தாமதமாகச் சேர்கிறது, அதனால் தாளம் நொண்டுகிறது, அவ்வளவுதான் என்று. அது சரி, ஆனால் பாதிதான் சரி. கணக்குப் போட்டால் தெரிந்துவிடும்.

இரு பக்கத்துக்கும் நீள வித்தியாசம் அரை மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். வெளிக்காற்றில் ஒலி நொடிக்கு ஏறத்தாழ 340 மீட்டர் போகும். எஞ்சின் சுமையில் ஓடும்போது புகையின் வெப்பம் 600, 700 டிகிரி செல்சியஸைத் தாண்டும். அந்தச் சூட்டில் ஒலியின் வேகம் நொடிக்கு 600 மீட்டர் அளவுக்கு ஏறிவிடுகிறது. அரை மீட்டரைக் கடக்க 0.8 மில்லி நொடி. 3000 ஆர்பிஎம்மில், அதாவது நிமிடத்துக்கு 3000 சுற்றில், கிராங்க் நொடிக்கு 18,000 டிகிரி சுற்றுகிறது. அந்த 0.8 மில்லி நொடிக்குள் அது 15 டிகிரி திரும்பியிருக்கும். ஆக, புகை சேருமிடத்தில் காது வைத்தால் அடிகளுக்கு நடுவே உள்ள இடைவெளி 180, 180, 180, 180 என்று இருக்காது. 180, 195, 180, 165 என்று இருக்கும். நொண்டல் தெளிவாகவே இருக்கிறது.

இப்போது ஐடிலிங்குக்கு வாருங்கள். 750 ஆர்பிஎம். புகையும் ஆறிப்போய்தான் வரும், ஆகவே தாமதம் ஒரு மில்லி நொடி என்றே வைத்துக்கொள்வோம். கிராங்க் அதற்குள் திரும்புவது வெறும் நாலரை டிகிரி. 180-க்கு நாலரை ஒன்றுமே இல்லை. ஆனால் சுபாருவின் அந்தத் தள்ளாட்டம் மிக நன்றாகக் கேட்பதே ஐடிலிங்கில்தான்! தாமதம் மட்டுமே காரணமென்றால் ஐடிலிங்கில் குரல் சீராகி, ஆர்பிஎம் ஏற ஏற நொண்டல் கூட வேண்டும். நடப்பது அப்படி இல்லை.

மிச்சப் பாதியை மிருதங்கத்திலேயே தேட வேண்டும். தட்டுகள் எப்போது விழுகின்றன என்பதைவிட, எந்த நாதத்தில் விழுகின்றன என்பது இங்கே முக்கியமாகிறது. குட்டைக் குழாயில் வரும் அழுத்த அலை கூர்மையாக வந்து சேரும். நெட்டைக் குழாயில் வளைவுகளைத் தாண்டி வரும் அலை முனை மழுங்கி வரும். இரண்டு குழாய்களின் ஒத்ததிர்வும் வேறுவேறு. புல்லாங்குழலில் துளை மாறினால் சுருதி மாறுவதைப் போல. எனவே 1, 3 ஒரு குரல். 2, 4 இன்னொரு குரல். எஞ்சின் இரண்டு சுற்று சுற்றினால்தான் இந்த வடிவம் ஒருமுறை முழுமையாகி மறுபடி தொடங்கும்.

இன்னொன்றும் இருக்கிறது, இது எஞ்சினுக்குள்ளேயே நடப்பது. புகையை வெளியே விடும் எக்ஸாஸ்ட் வால்வு 180 டிகிரிக்கும் கூடுதலாகவே, பெரும்பாலும் 240 டிகிரிக்கு அக்கம்பக்கமாகத் திறந்திருக்கும். 1-ஆம் சிலிண்டர் தன் புகையைத் தள்ளி முடிப்பதற்குள், அதே பக்கத்தில் 3-ஆம் சிலிண்டரின் வால்வு திறந்து, உயர் அழுத்தப் புகை பீறிட்டு வருகிறது. இரண்டும் மிக அருகிலேயே ஒன்றாகச் சேரும் குழாய் என்பதால், அந்த அழுத்தத்தில் ஒரு பகுதி 1-ஆம் சிலிண்டரின் வாசலை நோக்கித் திரும்பித் தள்ளுகிறது. பழைய புகை முழுசாக வெளியேறாமல் கொஞ்சம் உள்ளேயே தங்குகிறது. இடப்பக்கத்தில் 2-க்கு 4 இதையே செய்கிறது. அதாவது 1-உம் 2-உம் அடுத்தவர் அழுத்தத்தில் மூச்சு முட்டுகின்றன. 3-உம் 4-உம் நிம்மதியாக விடுகின்றன. வெடிப்பின் பலமே ஒன்று விட்டு ஒன்று மாறுகிறது.

இந்த இரண்டு சமச்சீரின்மையும் ஒலியில் வேறுவேறு இடத்தில் கையெழுத்துப் போடுகின்றன. பொறியாளர்கள் ஒலியை 'ஆர்டர்' கணக்கில் பிரிப்பார்கள்: கிராங்க் ஒருமுறை சுற்றுவதற்குள் எத்தனை துடிப்பு என்பது. சீரான நான்கு சிலிண்டரில் ஒரு சுற்றுக்கு இரண்டு வெடிப்பு, ஆகவே 2-ஆம் ஆர்டரும் அதன் மடங்குகளும்தான் ஆதிக்கம் செலுத்தும். 3000 ஆர்பிஎம்மில் 100, 200, 300 ஹெர்ட்ஸ். சுத்தமான, நேரான குரல். வலம்-வலம்-இடம்-இடம் வித்தியாசம் இதனோடு அரை ஆர்டர்களைச் சேர்க்கிறது: 0.5, 1.5, 2.5, 3.5. அதே 3000 ஆர்பிஎம்மில் இவை 25, 75, 125, 175 ஹெர்ட்ஸ். ஒன்று விட்டு ஒன்று மாறும் பலம், 1-ஆம் ஆர்டரைச் சேர்க்கிறது: 50 ஹெர்ட்ஸ். தாமதத்தை மட்டும் வைத்துக் கணக்குப் போட்டால் 1-ஆம் ஆர்டர் பூஜ்யமாகிவிடும் என்பதைக் காகிதத்திலேயே சரிபார்க்கலாம். அந்த 50 ஹெர்ட்ஸ் எங்கேயாவது தென்பட்டால் அதன் மூலத்தை வேறு இடத்தில்தான் தேட வேண்டும்.

நான்கு ஸ்ட்ரோக் ஒற்றைச் சிலிண்டர் எஞ்சின் இரண்டு சுற்றுக்கு ஒருமுறைதான் வெடிக்கும். அதாவது 0.5 ஆர்டர்தான் அதன் அடிநாதம். புல்லட்டின் "டுப் டுப்" கேட்டு வளர்ந்த நமக்குச் சுபாருவின் ஐடிலிங் ஏதோ தெரிந்த குரலாகத் தோன்றுவது தற்செயல் இல்லை. இரண்டுக்கும் பொதுவாக அந்த அரை ஆர்டர் இருக்கிறது.

காதும் இதற்கு ஒத்துழைக்கிறது. ஒலியளவு நொடிக்கு நான்கு முறை அளவில் ஏறி இறங்கினால் மனிதக் காது அதை மிக எளிதாகத் தாளமாகப் பிடிக்கும். அதுவே நொடிக்கு 70 முறை அளவுக்குப் போனால், தாளம் மறைந்து கரகரப்பாக, உறுமலாகக் கேட்கும். எபர்ஹார்ட் ஸ்விக்கர் என்ற ஜெர்மன் ஒலியியலாளரின் வழிவந்த ஆய்வுகள் நிறுவிய விஷயம் இது. 750 ஆர்பிஎம்மில் அரை ஆர்டர் 6.25 ஹெர்ட்ஸ், தாளம் பிடிக்கும் எல்லைக்குள் வருகிறது. அதனால்தான் நாலரை டிகிரி தாமதத்தோடுகூட ஐடிலிங்கில் தள்ளாட்டம் கேட்கிறது. 4200 ஆர்பிஎம்மில் 1-ஆம் ஆர்டர் சரியாக 70 ஹெர்ட்ஸ். அங்கே அது உறுமல். சமச்சீரின்மை கீழே தாளமாகவும் மேலே கரகரப்பாகவும் கேட்கிறது. இந்த வண்டியின் குரலில் நான் சொக்கிப்போவது இந்த இடத்தில்தான்.

கம்பெனியே கைவிட்ட கதை

மூச்சு முட்டும் சிலிண்டரை எந்தப் பொறியாளரும் ரொம்ப நாள் பொறுத்துக்கொள்ள மாட்டார். 2003-இல் வந்த நான்காம் தலைமுறை லெகசியில் சுபாரு, ஜப்பானிய வடிவங்களுக்குச் சமநீளக் குழாய்களைக் கொடுத்தது. டர்போ வண்டிகளில் இரட்டைப் பாதை டர்போவோடு இது சேர்ந்தது: 360 டிகிரி இடைவெளியில் வெடிக்கும் சிலிண்டர்களை ஜோடி சேர்த்து, 1-ஐயும் 2-ஐயும் ஒரு பாதையில், 3-ஐயும் 4-ஐயும் இன்னொரு பாதையில் அனுப்பினால் ஒன்று இன்னொன்றின் கழுத்தைப் பிடிக்காது. குறைந்த ஆர்பிஎம்மிலேயே டர்போ விழித்துக்கொள்ளும். அந்த லெகசி 2003-2004-க்கான ஜப்பானின் ஆண்டின் சிறந்த கார் விருதை வாங்கியது. ஜப்பானிய ரசிகர்கள் "டொகொ டொகொ" என்று செல்லமாகச் சொல்லிக்கொண்டிருந்த குரல், அந்த விருதோடு சேர்ந்து போயே போய்விட்டது.

வெளிநாட்டுக்குப் போன எஸ்டிஐ (டபிள்யூஆர்எக்ஸின் வேகப் பதிப்பு) வண்டிகளில் 2.5 லிட்டர் ஈஜே பழைய குறுக்குக் குழாயோடு 2021 மாடல் வரை உறுமிக்கொண்டிருந்தது. ஜப்பானில் 2 லிட்டர் ஈஜேவான ஈஜே20-க்கு விடை கொடுக்க 2019-இல் இறுதிப் பதிப்பு எஸ்டிஐ அறிவிக்கப்பட்டது, எண்ணிக்கை 555. பழைய ராலி கார்களின் பக்கவாட்டில் எழுதியிருந்த அதே எண். 2014-இல் வந்த புதிய டபிள்யூஆர்எக்ஸில் எஃப்ஏ20 டர்போ எஞ்சின். டர்போவை எஞ்சினுக்கு முன்னால், கீழே கொண்டுவந்து வைத்துவிட்டார்கள். இரு பக்கக் குழாய்களும் இயல்பாகவே ஒரே நீளத்துக்கு வந்தன. வேகமான, சிக்கனமான, நல்ல எஞ்சின். சாவியைத் திருப்பினால் வேறு யாரோ பேசுவது போல இருக்கும்.

86-இல் தெளிவாகும் சோதனை

டர்போ வண்டியில் ஹெடர் செய்யும் வேலையைத் தனியாகப் பிரித்துக் கேட்பது கஷ்டம். டர்பைன் சக்கரமே ஒரு சைலன்சர் போல அலைகளை மழுக்கிவிடும். டர்போ இல்லாத 86-இல் அந்தத் திரை கிடையாது. தொழிற்சாலை ஹெடரின் குழாய்கள் ஏறத்தாழ சமநீளம். வெளிச்சந்தையில் இரண்டு வகையும் கிடைக்கும். ஜப்பானின் டோமேய் போன்ற நிறுவனம் இதே எஞ்சினுக்குச் சமநீளம், சமமில்லா நீளம் என்று இரண்டையும் தயாரித்திருக்கிறது. ஒரே எஞ்சின், ஒரே சைலன்சர், குழாயின் போக்கு மட்டும் வேறு. ஆய்வகத்தில் செய்ய வேண்டிய சோதனையை, குரலுக்காகக் காசு செலவழிக்கத் தயங்காத மனிதர்கள் தெருவிலேயே செய்துவிட்டார்கள்.

சமநீள ஹெடர் போட்டவர்கள் கேட்பது: கீழே அடக்கமாகவும், 5000-க்கு மேலே கூர்மையாகவும் போகும், நேர்வரிசை நான்கு சிலிண்டர் போன்ற குரல். "ஹோண்டா மாதிரி இருக்கிறது" என்று பலர் சொல்வார்கள். திட்டுவதாக நினைத்துத்தான் சொல்கிறார்கள். ஆனால் இயற்பியல்படி அது அச்சு அசலான வர்ணனை. சமமில்லா நீளம் போட்டவர்கள் கேட்பது: ஐடிலிங்கில் தள்ளாட்டம், 2000 முதல் 4500 வரை அடர்ந்த உறுமல், மேலே போகப் போகக் கரகரப்பு.

எஃப்ஏ20-க்கு ஒரு பிரபலமான குறை உண்டு. 3500-க்கும் 4500-க்கும் இடையில் டார்க் (எஞ்சினின் திருப்பு விசை) சரிந்து, பிறகு எழும். மொத்த டார்க்கே 205 நியூட்டன் மீட்டர். அதுவும் உச்சத்தைத் தொடுவது 6400-க்கு மேல். ஓவர்டேக் செய்யும்போது அந்தப் பள்ளம் காலில் தெரியும். வெளிச்சந்தை ஹெடர் போட்டு, எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினியான ஈசியூவையும் டியூன் செய்தால் பள்ளம் நன்றாகவே நிரம்பும். பெரும்பாலானவர்கள் 86-இல் ஹெடர் மாற்றுவதற்கு முதல் காரணமே அதுதான். சமமில்லா நீளமும் அதைக் கணிசமாக நிரப்பும். ஆனால் மேல் ஆர்பிஎம்மில் பொதுவாகச் சமநீளத்துக்கே கை ஓங்கும். அடுத்து வந்த ஜிஆர்86-இல் எஞ்சினையே 2.4 லிட்டராக்கி, 250 நியூட்டன் மீட்டரை 3700 ஆர்பிஎம்மிலேயே கொடுத்து டொயோட்டாவும் சுபாருவும் அந்தப் பள்ளத்தை ஒரேயடியாக மூடிவிட்டன.

காதை ஏமாற்றும் விஷயங்கள்

86-இன் தொழிற்சாலை ஹெடருக்குள்ளேயே முதல் கேட்டலிடிக் கன்வெர்ட்டர் இருக்கிறது. வெளிச்சந்தை ஹெடர்கள் பலவற்றில் அது இருக்காது. தேன்கூடு போன்ற அந்தப் பீங்கான் கட்டி புகையைச் சுத்தம் செய்வதோடு, உயர் அதிர்வெண் ஒலிகளையும் நன்றாக விழுங்கும். அதை எடுத்துவிட்டால் வண்டி உலோகத்தனமாக அலறும். ஹெடர் மாற்றியதும் "குரலே மாறிப்போச்சு" என்று சொல்பவர்களில் பாதிப்பேர் கேட்பது கன்வெர்ட்டர் போன சத்தத்தை. நீளத்தின் குரலை அல்ல. இரண்டையும் பிரித்துப் பார்க்காத எந்த ஒப்பீட்டையும் நான் நம்புவதில்லை. கன்வெர்ட்டரோடு வரும் சமமில்லா நீள ஹெடரையும், கன்வெர்ட்டரோடு இருக்கும் கம்பெனி ஹெடரையும் வைத்துக் கேட்டால்தான் நியாயம்.

அடுத்தது குழாயின் தடிப்பு. பழைய பாணி வார்ப்பிரும்பு மேனிஃபோல்ட் கனமானது, அதிராது. ஒன்றரை மில்லிமீட்டர் தடிப்புள்ள ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் குழாய் வெண்கலப் பாத்திரம் போல ஒலிக்கும். பானட் பக்கம் நின்றால் கேட்கும் அந்த 'கிணிங்' சத்தம் குழாய்ச் சுவரிலிருந்தே வருவது.

காருக்குள் உட்கார்ந்து கேட்டு முடிவு செய்வதும் தவறு. 86-இல் காற்று உள்ளே போகும் பாதையிலிருந்து ஒரு சிறு குழாய் வழியாக ஒலியைக் கேபினுக்குள் கடத்தும் ஏற்பாடு உண்டு. உள்ளே கேட்பதில் ஒரு பங்கு எஞ்சின் மூச்சை இழுக்கும் சத்தம். ஹெடரால் வருவது அதன் மூச்சை விடும் சத்தம்.

எல்லாவற்றையும்விட அதிகம் ஏமாற்றுவது கசிவு. ஹெடர் மாற்றிய மறுநாள் காலை "டிக் டிக் டிக்" என்று சத்தம் வந்து, சூடானதும் மறைந்தால் அது புதுக் குரல் அல்ல, கேஸ்கெட் உட்காரவில்லை. உலோகம் சூட்டில் விரிந்ததும் இடுக்கு மூடிக்கொள்கிறது, அவ்வளவுதான். நானே இப்படி ஏமாந்தவர் ஒருவரின் வண்டிக்கு அடியில் படுத்து, புகை பட்டுக் கறுத்த விளிம்பைக் காட்டியிருக்கிறேன். அவர் ஒரு வாரமாக அந்தச் சத்தத்தை ரசித்துக்கொண்டிருந்தார்.

எதிர்த்திசையில் ஒரு சாட்சி

இதே தத்துவம் தலைகீழாக வேலை செய்வதையும் பார்த்துவிடலாம். அமெரிக்க வி8 எஞ்சின்களின் குடுகுடு உறுமலும் இந்தக் குடும்பம்தான். எஞ்சின் மொத்தமாக 90 டிகிரிக்கு ஒருமுறை சீராக வெடிக்கிறது. ஆனால் ஒரே பக்கத்து நான்கு சிலிண்டர்களை மட்டும் பார்த்தால் இடைவெளி 90, 180, 270, 180 என்று குலைந்திருக்கும். இரு பக்கமும் தனித்தனிச் சைலன்சர் வழியே போவதால் அந்தக் குலைவு அப்படியே காதுக்கு வந்துசேர்கிறது.

1960-களில் ஃபோர்டு ஜிடி40-இன் 4.7 லிட்டர் வி8-இல், வலப்பக்கக் குழாய்கள் இரண்டை இடப்பக்கமும் இடப்பக்கக் குழாய்கள் இரண்டை வலப்பக்கமும் குறுக்கே கொண்டுபோய், ஒவ்வொரு சேருமிடத்துக்கும் சரியாக 180 டிகிரிக்கு ஒரு அடி வரும்படி பின்னினார்கள். பார்த்தால் பாம்புகள் பின்னிக் கிடப்பது போல இருக்கும்; பெயரே அப்படித்தான் விழுந்தது. குடுகுடுப்பு ஓடிப்போய், இரண்டு நான்கு சிலிண்டர் ரேஸ் எஞ்சின்கள் சேர்ந்து பாடுவது போன்ற நீண்ட ஊளை வந்தது. எஞ்சினின் எரிதல் வரிசை மாறவில்லை, குழாய்கள்தான் மாறின. சுபாருவில் குழாயைக் குலைத்து உறுமலை வரவழைக்கிறார்கள். ஜிடி40-இல் குழாயை ஒழுங்குபடுத்தி உறுமலைத் துரத்தினார்கள்.

நீங்களே சரிபார்க்க

இதற்குப் பெரிய கருவி வேண்டாம். செல்போனில் ஒலியின் அதிர்வெண் பட்டையைக் காட்டும் செயலி ஒன்று போதும். சைலன்சர் முனையிலிருந்து ஒரு மீட்டர் தள்ளி, புகை நேராகப் படாத கோணத்தில் போனை வையுங்கள். எஞ்சின் நன்றாகச் சூடான பிறகு ஒருவரை 3000 ஆர்பிஎம்மில் பிடிக்கச் சொல்லுங்கள். 100, 200, 300 ஹெர்ட்ஸில் மட்டும் கோபுரம் எழுந்தால் சமநீளம். இவற்றுக்கு நடுவே 125, 175, 225 என்று சின்னக் கோபுரங்கள் முளைத்தால் அரை ஆர்டர்கள் வந்திருக்கின்றன. போன் மைக்குகள் ரொம்பக் கீழே சரியாகக் கேட்காது என்பதால் 25, 75-ஐத் தேடி ஏமாற வேண்டாம். ஹெடர் மாற்றும் முன்னும் பின்னும் அதே இடத்தில், அதே ஆர்பிஎம்மில் எடுத்து வைத்தால், விற்பவர் சொன்னது உண்மையா என்று உங்கள் கையிலேயே ஆதாரம் இருக்கும்.

போடலாமா?

பழைய ஈஜே டர்போ வண்டி வைத்திருப்பவர் சமநீளத்துக்கு மாற நினைத்தால், ரேஸ் டிராக்கில் ஓட்டுகிறாரா என்று மட்டும் கேட்பேன். ஓட்டுகிறார் என்றால் மாற்றட்டும். சிலிண்டர்கள் நிம்மதியாக மூச்சு விடும். தெருவில்தான் ஓட்டுகிறார் என்றால் அந்தக் குறுக்குக் குழாயை விட்டுவைக்கச் சொல்வேன். இனி அப்படி ஒலிக்கும் எஞ்சினைச் சுபாரு செய்யப்போவதில்லை.

86 வைத்திருப்பவர் சமமில்லா நீளத்துக்கு ஆசைப்பட்டால் தடுக்க மாட்டேன். மேலே சில குதிரைத்திறனை விட்டுக்கொடுத்து ஒரு குரலை வாங்குகிறார். தெரிந்தே செய்கிறார் என்றால் தப்பில்லை. ஆனால் கன்வெர்ட்டர் உள்ள ஹெடராகப் பார்த்து வாங்கச் சொல்வேன். அது இல்லாமல் போட்டால் டேஷ்போர்டில் எஞ்சின் விளக்கு எரியும், பி0420 என்ற கோளாறு எண் வரும். ஜப்பானில் ஷாகென் என்ற கட்டாய வாகனத் தகுதிச் சோதனையில் தேறாது, அமெரிக்காவில் கூட்டாட்சிச் சட்டப்படியே குற்றம், இந்தியாவில் மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவின் கீழ் சிக்கல். சட்டத்தை விடுங்கள், பின்னால் ஸ்கூட்டரில் வருபவர் அந்தப் புகையைத்தான் சுவாசிப்பார். அரை ஆர்டர்கள் குழாயின் நீளத்திலிருந்து வருபவை. கன்வெர்ட்டர் இருந்தாலும் அவை வரும். அதைக் கழற்றுவதால் குரலுக்கு ஒரு லாபமும் இல்லை.

மலிவு ஹெடர் வாங்கினால் வெல்டிங்கைப் பாருங்கள். குழாய்கள் சேருமிடத்தில் சூடும் அதிர்வும் ஒன்றாகத் தாக்கும். விரிசல் விழுவது அங்கேதான். சூட்டைக் குறைக்க நார்த்துணி சுற்றுவது ஸ்டெயின்லெஸுக்குப் பரவாயில்லை. சாதா இரும்புக் குழாயில் சுற்றினால் மழைக்கால ஈரத்தைப் பிடித்துவைத்து உள்ளுக்குள் துருவேற்றும். சென்னைக் கடலோரக் காற்றில் இரண்டு மழைக்காலம் தாங்கினால் அதிகம். பழைய ஹெடரைப் பேரிச்சம்பழத்துக்குப் போட்டுவிடாதீர்கள், எண்ணெய் தடவிக் கோணியில் சுற்றிப் பரணில் வையுங்கள். வண்டியை விற்கும் நாளில் வாங்க வருபவருக்கு அமைதியான குரல்தான் பிடிக்கலாம்.